ஞாபகத்துக்கு ஒரு டியூஷன்

போன வாரம் எங்கள் அருள் மாமா பரீட்சை எழுதி ஃபுல் மார்க் வாங்கினார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

அக்கா கேசரி கிண்டினாள். எதிர் வீட்டு கிரிஜம்மா ஓடி வந்து கை குலுக்கினார். கீரைக்காரர் ஒரு கட்டு வல்லாரையை இனாமாகவே கொடுத்தார். தெருவே கொண்டாடியது. ஒரே ஒரு சிக்கல்தான்... அது ஃபுல் மார்க் வாங்கக்கூடாத பரீட்சை!

குழப்புகிறேனோ? முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அருள் மாமா என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர். பெங்களூரு பொம்மனஹள்ளியில் அவர்கள் வீடு. நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். மாமா ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். இரும்புத் துண்டைக் கையில் வாங்கியதுமே அளவு கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். எந்தக் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பதை இருபது வருஷம் கழித்துக் கேட்டாலும் காரணத்தோடு சொல்வார். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் ஞாபக சக்தி மேல் ஒரு பயம் உண்டு.

அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக மறக்கத் தொடங்கினார்.

முதலில் மூக்குக் கண்ணாடி. சரி, அது எனக்கும்தான் மறக்கிறது, உங்களுக்கும்தான். பிறகு செய்தித்தாளை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். "சூடான செய்தி, ஆறட்டும்னு வெச்சிருப்பாரு" என்று நான் ஜோக்கடித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. நாங்கள் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு போன் வந்தது.

"மச்சான், நான் எங்கயோ வந்துட்டேன். இங்க எல்லாரும் தமிழ்லதான் பேசறாங்க. தமிழ்நாடு வந்துடுச்சு போலருக்கு. பால் லேட்டாகும்னு ஸ்டெல்லாகிட்ட சொல்லிடு."

பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திபெலே! பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போயிருக்கிறார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உண்மையிலேயே எல்லை தாண்டி ஓசூர் போய்ச் சேர்ந்திருப்பார். நான் போனபோது ஒரு டீக்கடை பெஞ்சில் பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அவர் பயந்து போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

இந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ... அடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள் இலை தழைகள் வர ஆரம்பித்தன.

அக்கா வல்லாரைத் துவையலில் தொடங்கினாள். கிரிஜம்மா ஒரு கிண்ணத்தில் பச்சையாக ஏதோ கொண்டு வந்தார். "நோடி ஸ்டெல்லா மேடம், ஒந்தெலகா தம்புளி. தினா குடுங்க. மண்டை சும்மா ஷார்ப் ஆகிடும்." ஒந்தெலகா என்பது கன்னடத்தில் வல்லாரைதான், தம்புளி என்பது அதைத் தயிரில் அரைத்துக் கலக்குவது. ஆக, மாமா ஒரே கீரையைக் காலையில் தமிழிலும் மதியம் கன்னடத்திலும் சாப்பிட்டார். சர்ச்சில் பழக்கமான ஒரு பெண்மணி ரோஸ்மேரி எண்ணெய் கொடுத்தனுப்பினார். வைட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கும் அக்கா மகள் ஷீபா, மிளகு சேர்த்த மஞ்சள் மாத்திரையை ஆன்லைனில் அனுப்பி வைத்தாள். அமுக்கராப் பொடி, நீர்ப்பிரமி சூரணம்... வால்நட் கூட வந்தது. அது மூளை மாதிரியே இருப்பதால் மூளைக்கு நல்லதாம். இந்தக் கணக்கில் முட்டைக்கோஸ் சாப்பிட்டால் தலையே வளர வேண்டும்!

ஒரு வாரத்தில் மாமாவின் நாக்கு பச்சை, விரல்கள் மஞ்சள், தலையில் ரோஸ்மேரி வாசனை. பிரியாணிக்கு ஊற வைத்த மாதிரி இருந்தார்.

நான் கேலி செய்கிறேன்தான். ஆனால் செடியில் மருந்து இல்லை என்று சொல்ல வரவில்லை. அதை எங்களுக்கு விளக்கியவர் வைட்ஃபீல்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஞாபக மறதிக்காகவே தனி கிளினிக் நடத்தும் ஒரு டாக்டரம்மா. கன்னடக்காரர், ஆனாலும் தமிழ் நன்றாகப் பேசினார். மாமாவை முதல் தடவை அழைத்துப் போனபோது அத்திபெலே கதையை முழுக்கக் கேட்டார். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதினார். அக்கா வல்லாரை பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"தாராளமா சாப்பிடட்டும்மா. கீரைதானே? ஆனா கீரையை நம்பி உக்காந்துடாதீங்க. நிறைய செடில மருந்து தேடிக்கிட்டுதான் இருக்காங்க. உங்க மஞ்சளையே எடுத்துக்குங்க. அதுல இருக்கற சத்து டெஸ்ட் ட்யூப்ல பிரமாதமா வேலை செய்யுது. உடம்புக்குள்ள போனா மூளை வரைக்கும் போய்ச் சேர்றதே கஷ்டம்."

"வைட்ஃபீல்ட் டிராஃபிக் வழியா போகுது போலருக்கு" என்றார் மாமா.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். இவருக்கா மறதி என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த நோயின் அக்கிரமம் அதுதான். ஆளை அப்படியே விட்டுவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிக்கொண்டு போகிறது.

டாக்டர் மேலும் சொன்னார். "செடில இருந்து வந்து தேறின மாத்திரையும் இருக்கு. டாஃபடில்னு ஒரு பூ கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த மாதிரிப் பூச்செடியோட கிழங்குல இருந்து எடுத்தது. கேலண்டமைன்னு பேரு. நோயைக் குணப்படுத்தாது, பொய் சொல்ல மாட்டேன். சில பேருக்குக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். ஆனா அவர் எந்த நிலைல இருக்காருன்னு தெரியாம ஆரம்பிக்கக் கூடாது. மூணு வாரம் கழிச்சு வாங்க. ஒரு டெஸ்ட் வெச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அக்காவுக்குப் பூ காதில் விழவில்லை. கிழங்கு விழவில்லை. ஒரே ஒரு சொல்தான் விழுந்தது.

டெஸ்ட்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவள். அவள் காலத்தில் பத்தாம் வகுப்பில் ஒருவரும் ஃபெயில் ஆனதில்லை. ஆக விட்டதில்லை என்பதுதான் சரி. ஒரு தடவை ஒரு மாணவனின் அம்மை இறங்கும் வரை காத்திருந்து, அவன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கணக்கு சொல்லிக் கொடுத்தாள். அப்படிப்பட்டவள் வீட்டில், அவள் புருஷனே...?

மாமாவோடு நான் லிஃப்ட் பக்கம் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். கிளினிக் வாசலில் நின்று, டெஸ்ட் முடித்து வெளியே வருபவர்களிடம் "உள்ள என்னென்ன கேட்டாங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்!

யோசித்துப் பாருங்கள். ஞாபக மறதி கிளினிக்கிலிருந்து வருபவர்களிடம் கேள்வித்தாள் கேட்கிறாள். ஒரு பெரியவர் "எந்த உள்ள?" என்று திருப்பிக் கேட்டார். ஆனால் அக்கா விடுவாளா? அவர்களோடு கூட வந்த மகன், மருமகளையெல்லாம் பிடித்து சிலபஸை முழுசாகக் கறந்துவிட்டாள். இன்று என்ன கிழமை, இது எந்த இடம். மூன்று வார்த்தை சொல்வார்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, முள்ளைப் பதினொன்று பத்துக்கு வைக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

"அக்கா, இது பாஸ் ஃபெயில் டெஸ்ட் இல்ல. என்ன ஆகியிருக்குன்னு பாக்கறதுக்கு" என்று மெதுவாகச் சொன்னேன்.

"நீ உன் வாழ்க்கைல ஒரு டிஸ்டிங்ஷன் வாங்கிருக்கியாடா?"

நான் போய் லிஃப்ட் பட்டனை அழுத்தினேன்.

அடுத்த நாள் காலையிலேயே டியூஷன் ஆரம்பம். டைனிங் டேபிளில் மாமா. எதிரே ஸ்கேலோடு அக்கா. "தொண்ணூத்தி மூணு, எம்பத்தி ஆறு, எழுபத்தி ஒம்போது, எழுபத்தி ரெண்டு, அறுபத்தி அஞ்சு..." ஜெபமாலை சொல்கிற ராகத்தில் மாமா சொல்லிக்கொண்டே போவார். மூன்று வார்த்தைகள் சாவி, மாம்பழம், குடை. எல்லோரிடமும் இதே மூன்றைத்தான் கேட்கிறார்கள் என்பதையும் அக்கா உறுதி செய்து வைத்திருந்தாள். கடிகாரம் வரைவதில் மட்டும் பிரச்சினை. மாமா காம்பஸ் கேட்டார். சென்டர் லைன் போட்டார். விட்டம் குறித்தார். முள்ளின் நீளத்துக்கு அளவு எழுதினார். அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு ஃபேக்டரியில் கொடுத்தால் கடிகாரமே செய்து கொடுத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு பதிலுக்கும் "எஸ் மிஸ்" என்பார் மாமா. அக்காவுக்கு வெட்கமும் சிரிப்பும் தாங்காது. "பாருடா, இந்த வயசுல குறும்ப!" என்பாள். நாங்களும் சிரித்தோம்.

மாடல் எக்ஸாமுக்கு என்னை வெளித் தேர்வாளராக அழைத்தார்கள்.

"மாமா, இப்ப நாம எங்க இருக்கோம்?"

"பெங்களூரு, கர்நாடகா, இந்தியா. ஆஸ்பத்திரி. மூணாவது மாடி. மெமரி கிளினிக்."

"மாமா... இது உங்க வீட்டு ஹால்."

அக்கா குறுக்கே பாய்ந்தாள். "டேய், எக்ஸாம்ல எங்க உக்காந்து எழுதுவாரோ அதுதான் ஆன்ஸர்! குழப்பாத."

கிழமையும் அப்படித்தான். டெஸ்ட் ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால் மூன்று வாரமாக அந்த வீட்டில் தினமும் செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குக் கிளம்பச் சொன்னால், "செவ்வாய்க்கிழமை என்னங்க பூசை?" என்று மாமா லுங்கியிலேயே உட்கார்ந்திருந்தார். ஞாபகத்துக்காக நடந்த டியூஷனில் ஒரு மனிதருக்கு மிச்சமிருந்த கிழமைகளும் போய்விட்டன!

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்ன வாழ்கிறது? சர்க்கரை டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டு, "பாத்தீங்களா டாக்டர், நார்மல்!" என்று காலர் தூக்கிவிடுகிறோம். பி.பி. பார்க்கும் முன் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுகிறோம். பல் டாக்டரிடம் போகிற அன்றுதான் இரண்டு தடவை பல் தேய்க்கிறோம். யாரை ஏமாற்றுகிறோம்? எதிரில் யாராவது பேனாவோடு உட்கார்ந்தாலே நமக்கு மார்க் வாங்கியாக வேண்டும். அது எந்த மார்க் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அக்கா மாமாவின் நெற்றியில் சிலுவை போட்டாள். கிரிஜம்மா தயிரும் சர்க்கரையும் ஊட்டிவிட்டார். எல்லா மதமும் சேர்ந்து ஒரு மனிதரைப் பரீட்சைக்கு அனுப்பி வைத்தது. கேப் டிராஃபிக்கில் நின்ற நேரமெல்லாம் ரிவிஷன். டிரைவர்கூட "அறுபத்தி அஞ்சு சார்" என்று எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே ஒருவருக்குத்தான் துணைக்கு அனுமதி. அக்கா போனாள். நான் வெளியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். அக்காவின் முகம் ரிசல்ட் போர்டு மாதிரி பளபளத்தது.

"ஒண்ணுகூட தப்பில்ல. டாக்டரே அசந்துட்டாங்க. இப்போதைக்கு மாத்திரையே வேணாம், ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்னுட்டாங்க."

"அத்திபெலே போனத ஞாபகப்படுத்தினியாக்கா?"

"அவங்களே கேட்டாங்க. அது வெயில்ல ஏதோ தடுமாற்றம், வல்லாரை குடுத்ததுல இருந்து சரியாயிட்டாருன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். வீடு போய்ச் சேர்வதற்குள் வல்லாரைக்குப் புகழ் வந்துவிட்டது. கிரிஜம்மா, அது தன் தம்புளியின் வேலை என்றார். சர்ச் பெண்மணி போன் செய்து ரோஸ்மேரிக்குப் பங்கு கேட்டார். ஷீபா மாத்திரை டப்பாவின் போட்டோவை எல்லா குரூப்பிலும் போட்டாள். மறுநாள் எங்கள் தெருக் கீரைக்காரரிடம் வல்லாரை இல்லை, விடிவதற்குள் தீர்ந்துவிட்டதாம். ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லிக் கொடுத்த ஸ்கேலுக்கு மட்டும் யாரும் நன்றி சொல்லவில்லை. ஒரு இலைக்கு மகிமை இப்படித்தான் வருகிறது போலிருக்கிறது.

டெஸ்ட் முடிந்த அன்று சாயங்காலமே நானும் மாமாவும் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா உள்ளே கேசரியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், ரிசல்ட் வந்துடுச்சில்ல? இனிமே அந்த மிஸ் வரமாட்டாங்கல்ல?" என்றார் மாமா.

"எந்த மிஸ்?"

"அதான்... ஸ்கேல் வெச்சுக்கிட்டு காலைல வருவாங்களே. ரொம்பக் கண்டிப்பு. ஆனா நல்ல மனசு, பாவம். எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டாங்க! ஸ்டெல்லாகிட்ட சொல்லி அவங்களுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் குடுக்கணும்."

திரும்பினேன். கேசரித் தட்டோடு அக்கா பால்கனிக் கதவில் நின்றுகொண்டிருந்தாள்.

மாமா அவளைப் பார்த்தார். "வா ஸ்டெல்லா, உன்னப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரு நிமிஷத் தடுமாற்றம்தான், உடனே சரியாகிவிட்டார். ஆனால் மூன்று வாரமாக அவருக்கு எத்தனை நிமிஷம் அப்படிப் போயிருக்கும்? நாங்கள் சிரித்த ஒவ்வொரு "எஸ் மிஸ்"ஸும் இப்போது எனக்கு நெஞ்சில் குத்தியது. அக்கா தட்டைக் கீழே வைத்தாள். குரல் மட்டும் பழைய தலைமையாசிரியை குரலாகவே இருந்தது.

"நாளைக்குக் காலைல கேப் புக் பண்ணுடா."

மறுநாள் அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே போய்க் காத்திருந்தோம். டாக்டர் ஆச்சரியத்தோடு உள்ளே கூப்பிட்டார். அக்கா உட்காரவில்லை.

"டாக்டர், இங்க ஒரு மால்பிராக்டிஸ் நடந்திருக்கு."

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லக்கூடிய சொல்லா அது? "ஏனு... என்ன ஆச்சு மேடம்? யார் பண்ணினாங்க?"

"நான்தான். கேள்வித்தாள் அவுட் ஆயிடுச்சு. மூணு வாரம் மனப்பாடம் பண்ண வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். அந்த மார்க்கைக் கேன்சல் பண்ணுங்க. அத்திபெலே போனது வெயில்னால இல்ல. நேத்து..." இங்கே குரல் உடைந்தது. "நேத்து ஒரு நிமிஷம் நான் யாருன்னு அவருக்குத் தெரியல. தயவு செஞ்சு எங்க வீட்டுக்காரரை ஃபெயில் பண்ணுங்க டாக்டர்."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து வந்து அக்காவின் தோளில் கை வைத்தார். "இதைச் சொல்ல வந்தீங்களே, அது போதும். இன்னைக்கே வேற கேள்வி வெச்சுப் பாக்கலாம். ஆனா நீங்க வெளில இருக்கணும்."

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். உள்ளே டாக்டர் ஏதோ கேட்டார். மாமா பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, கதவுப் பக்கம், அக்காவின் முகத்தைத் தேடினார். அக்காவின் உதடுகள் தாமாகவே அசைய ஆரம்பித்ததை நான் பார்த்தேன். பதில் அவளுக்குத் தெரிந்திருந்ததா என்னவோ. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். டெஸ்ட் முடியும் வரை அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்க் குறைவுதான். டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். நோய் ஆரம்பித்துவிட்டது, ஆனால் முற்றவில்லை. அந்தப் பூக்கிழங்கு மாத்திரையை இப்போதே சின்ன டோஸில் தொடங்கலாம். கொஞ்ச நாள் வயிற்றைப் பிரட்டலாம், சாப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும், வேறு பொடி சூரணமெல்லாம் தன்னைக் கேட்காமல் சேர்க்கக்கூடாது. "இதுவும் நிறுத்தாது மேடம். கொஞ்சம் நேரம் வாங்கிக் குடுக்கும். அவ்வளவுதான்" என்றார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி தலையாட்டினாள். வெளியே வரும்போது "ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

லிஃப்டுக்காக நின்றபோது மாமா அவள் பக்கம் குனிந்தார்.

"என்ன, ஃபெயிலா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"விடு ஸ்டெல்லா, அழாத. நான் எல்லாம் படிச்சுட்டுதான் வந்தேன். கேள்விதான் மாத்திட்டாங்க."

பள்ளிக்கூடத்தில் அக்கா எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுச் சலித்த சாக்கு அது. வேலையில் இருந்த காலமெல்லாம் ஏற்காத அதை, அந்த லிஃப்ட் வாசலில் ஏற்றுக்கொண்டாள்.